வாசல் நாற்காலி

லாண்டரியக்காவுக்கு விருது என்று கேள்விப்பட்டதும் முதலில் சிரித்தவர் அவள் புருஷன்தான். கேலிச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. வாய் நிறைய டீ இருந்தது, அடக்கப் பார்த்தார், பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டே, "எதுக்காம்? வாசல்ல நாற்காலி போட்டதுக்கா?" என்று கேட்டார்.

"ஆமா, அதுக்குத்தான்" என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் என்னவோ அதுதான். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும், அவள் செய்த பெரிய காரியம் ஒரு வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொண்டதுதான்.

மூடிப்போன பிஸ்கட் கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்பு அது. மூன்று மாடி, மாடிக்கு ஒரு நீள நடை, நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாகக் குழாயும் துவைக்கிற கல்லும். மழை பெய்தால் மேல்மாடிச் சுவரிலிருந்து இன்னமும் லேசாக பிஸ்கட் வாசனை வரும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். கம்பெனி நிலத்தை யாருக்கோ விற்றுவிட்டது. வாங்கியவர் முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை, அவருடைய ஆட்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். வழக்கு நடந்தது. தீர்ப்பு வரும்வரை குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது, ஆளில்லாமல் கிடக்கும் பகுதியை மட்டும் நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆளில்லை என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் வில்லங்கம்.

ஒரு வேலைநாள், நட்டநடு மதியம், பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரம் பார்த்து, குடியிருப்பின் ஒரு பக்கத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். கேட்டதற்கு, "கூப்பிட்டுப் பார்த்தோம், யாரும் வரலை" என்றார்கள். அப்படிச் சொல்ல நாக்குக் கூசவில்லை அவர்களுக்கு. சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி, தங்கள் வீடு இருந்த இடத்தில் தெரிந்த ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கத்து மாடிப்படியும் போய்விட்டது. மிச்சமிருந்த வீடுகளுக்கு ஒரே ஒரு படிக்கட்டுதான்.

அந்த ராத்திரி எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து அழுதும் திட்டியும் ஓய்ந்த பிறகு லாண்டரியக்கா ஒரு விஷயம் சொன்னாள். "ஆள் இல்லன்னுதானே சொல்றானுங்க. ஆள் இருந்துட்டா?"

அவள் வேலை செய்வது பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில். வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் விரிப்புகளைத் தரம் பிரித்து மெஷினில் தள்ளி, வெளியே வந்ததை இஸ்திரி ரோலரில் விட்டு, சூடு ஆறுவதற்குள் மடித்தாக வேண்டும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் தேவை. எதிரே நிற்பவள் முனையைப் பிடித்துவிட்டாள் என்று கைக்கே தெரிந்த பிறகுதான் இவள் தன் முனையை விடலாம். கண்ணால் பார்த்தோ, வாயால் கேட்டோ விடக் கூடாது. அந்த மெஷின் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்குக் கேட்கும்? அவசரப்பட்டு விட்டால் விரிப்பு தரையில் விழும், மறுபடியும் முதலிலிருந்து துவைக்க வேண்டும்.

நாற்காலி விதியை அவள் அங்கிருந்துதான் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கால் ஒடிந்து குப்பையில் கிடந்த இரும்பு நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, வெல்டிங் வைத்து, நீலப் பெயின்ட் அடித்து, குடியிருப்பின் வாசலில் போட்டாள். வீட்டுக்கு வீடு முறை. உட்கார்ந்திருப்பவர் அடுத்த முறைக்காரர் வந்து நாற்காலியில் கை வைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. "வந்துட்டேன், நீங்க போங்க" என்ற பேச்சே கிடையாது. கை விழ வேண்டும். நாற்காலிக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கிடக்கும். ஆட்கள் வந்தால் தட்டை அடிக்க வேண்டியது. சத்தம் கேட்டதும் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவன்கூட எழுந்து ஓடிவந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வான். அவ்வளவுதான் போராட்டம். கல்லெறி கிடையாது, கோஷம் கிடையாது. உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரு நாற்காலியைக் காலியாக விடாமல் இருந்து பாருங்கள், தெரியும். காய்ச்சலோடு உட்கார்ந்தவர்கள் உண்டு. பக்கத்து வீட்டோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட முறை வந்தால் வந்து முறைத்துக்கொண்டே கை வைத்தார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி, லாண்டரியக்காவுக்கு உயிர்த்தோழி, அங்கே உட்கார்ந்துதான் ஊரார் துணிக்கெல்லாம் பட்டன் வைத்தாள். அவள் மகளுக்கும் எதிர்வீட்டு ஆட்டோக்காரருக்கும் பேச்சு தொடங்கியது அந்த நாற்காலியைக் கை மாற்றும்போதுதான். கைமாற்றம் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தையல்காரிக்குக் கடைசியில்தான் புரிந்தது. ஒரு முறை மேல்மாடியில் இருக்கும் பிளம்பர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒண்ணுக்குப் போக எழுந்துவிட்டார். லாண்டரியக்கா அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. பேசியபோது, "அவசரம்னா கத்திக் கூப்பிடுங்க, நான் வந்து கை வெக்கிறேன். வெக்கமா இருந்தா நனைச்சுக்குங்க, நான் துவைச்சுத் தரேன்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை.

நிலத்துக்காரரின் ஆட்கள் வந்தார்கள். அதிகாரியோடு வந்தார்கள், அதிகாரி இல்லாமல் வந்தார்கள், ஒரு தடவை இடிக்கிற இயந்திரத்தோடே வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தட்டு அடித்தது, படிக்கட்டு நிறைந்தது, வந்தவர்கள் திரும்பினார்கள். இதைப் பார்த்துவிட்டு வேறு இரண்டொரு குடியிருப்புக்காரர்களும் நாற்காலி போட்டார்கள். எப்படிப் போடுவது என்று சொல்லித்தர லாண்டரியக்கா லீவு நாளில் பஸ் ஏறிப் போனாள். லாண்டரியில் ஒரு பெண்ணுக்கு விரிப்புக்குள் கிடந்த ஊசி குத்தி உடம்புக்கு வந்தபோது, தடித்த கையுறை கொடுக்கும்வரை ஒருத்தியும் விரிப்பைத் தொடக் கூடாது என்று எல்லோரையும் சுவரோரமாக உட்காரவைத்தாள். உட்காருவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை.

அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிஸ்கட் கம்பெனியில் ஓவன் பார்த்தவர், அதனால் எல்லோருக்கும் ஓவனண்ணன். அனலில் நின்று நின்று முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போயிருக்கும். கம்பெனி மூடிய பிறகு நிரந்தரமாக ஒரு வேலை அமையவில்லை. அதிகம் பேசமாட்டார், பேசினால் அதில் கொஞ்சம் குத்தல் இருக்கும். ஆனால் ஒன்று. லாண்டரியக்கா வக்கீலைப் பார்க்கப் போனபோதும், கூட்டத்தில் பேசப் போனபோதும், பக்கத்து ஊருக்கு நாற்காலி போடப் போனபோதும், அவள் வீட்டு முறையை வாய் திறக்காமல் உட்கார்ந்து கழித்தவர் அவர்தான். அதனாலேயே பெண்டாட்டி கூட்டத்தில் எப்படிப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது.

விருது கொடுத்தது ஒரு மக்கள் சேவைப் பேரவை. அடித்தட்டில் வேலை செய்கிறவர்களைத் தேடிப் பிடித்து வருஷா வருஷம் கௌரவிக்கிறவர்கள். நல்லவர்கள், அதில் சந்தேகமில்லை. நல்லவர்களுக்கு ஒரு குணம் உண்டு, நல்லதைச் சத்தம் போட்டுச் செய்யாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. பேரவைச் செயலாளர் இளைஞர், நாற்காலியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். முறைக்காரர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். அதற்கும் அவர் கண் கலங்கினார்.

அவர்தான் ஊர் முழுக்கச் சுவரொட்டி அடித்தவர். லாண்டரியக்காவின் முகம் பெரிதாக, அதற்குக் கீழே மண்டபத்தின் பேர், தேதி, நேரம், "குடியிருப்பு மக்கள் அனைவரும் குடும்பத்தோடு திரளாகப் பங்கேற்கிறார்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. ஒன்றைக் குடியிருப்பின் மதில்சுவரிலேயே ஒட்டினார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தில் சிரிப்பு இல்லை, படம் எடுக்கும்போது சிரிக்கச் சொல்லியிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். கீழே இருந்த வரியை ஒருவரும் யோசிக்கவில்லை.

குடியிருப்புக்காரர்களை அழைத்துப் போகப் பேரவை இரண்டு பஸ் அனுப்புவதாகச் சொன்னது. அன்றைக்கென்று பார்த்து முறை லாண்டரியக்காவின் வீட்டுக்கு. நாங்கள் இருக்கிறோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், பிளம்பர் வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரை விட்டுவிட்டு அவளால் எப்படியும் வர முடியாது. லாண்டரியக்கா ஒப்புக்கொள்ளவில்லை. தன் வீட்டு முறையை மற்றவர் தலையில் கட்டினால் நாளைக்கு எல்லோரும் அதையே செய்வார்கள் என்றாள். விதி போட்டவளுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா?

அன்று காலை தலை வாரிக்கொண்டே புருஷனிடம் கேட்டாள். "இன்னிக்கு நம்ம முறை. நீங்க இருப்பீங்கல்ல?"

"இருப்பேன். எப்பவும் நான்தானே இருக்கேன்" என்றார் அவர்.

சீப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நீங்களும் வாங்க என்று சொல்ல வாய்வரை வந்தது அவளுக்கு. பிளம்பர் வீட்டம்மா கேட்டதற்குச் சரி என்றிருந்தால் போதும், வேலை முடிந்திருக்கும். ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "வந்ததும் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்றேன்" என்றாள். பேரவை அனுப்பிய கார் வெளியே ஹாரன் அடித்தது. போகும்போது, அதற்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மண்டபத்தில் குளிர்பதன வசதி. மேடையில் அவளைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள், ஆற்றில் மண் அள்ளுவதைத் தடுத்த ஒருவர், தெருப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் ஓர் அம்மா. எல்லோரும் மிரண்டுபோய், குவளைத் தண்ணீரைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து நீளமாகப் பேசினார். சமூக நீதி என்ற சொல்லை அவர் எத்தனை தடவை சொன்னாரோ, ஒவ்வொரு தடவைக்கும் கைதட்டல். நடுவில் குடியிருப்பின் முதல் பஸ் வந்து சேர்ந்தது. தெரிந்த முகங்கள் வரிசையாக உள்ளே வந்தன. பிளம்பரின் அப்பாவைக்கூடச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள், இவள் ஆட்டலாமா என்று யோசித்துவிட்டு விரலை மட்டும் ஆட்டினாள்.

கேடயத்தை வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன பேச வேண்டும் என்று யோசித்துத்தான் வைத்திருந்தாள். அதற்குள் செயலாளர் ஓடிவந்தார். "அக்கா பேசறதுக்கு முன்னாடி அவங்களுக்கே தெரியாத ஒரு சின்ன ஏற்பாடு" என்று அறிவித்தார்.

மண்டபத்தின் பின்கதவு திறந்தது. நாற்காலியின் ஒரு கையை ஆட்டோக்காரரும் மறு கையைத் தையல்காரியும் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடுவழியே வந்தார்கள். யாரோ அதைத் துடைத்துத் துடைத்து நீலம் பளிச்சென்று இருந்தது. மேலே தட்டும் கரண்டியும். அதற்குப் பின்னால், இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டு, ஓவனண்ணன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எதற்கு மறைக்க வேண்டும்? வந்துட்டாரே மனுஷன் என்று நெஞ்சு நிறைந்துபோனது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாற்காலி இங்கே இருக்கிறது. அப்படியானால் வாசலில்?

"வாசல்ல யாரு?" என்று கேட்டாள். ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கிச் சொன்னது. பேச்சு தொடங்குகிறது என்று நினைத்து எல்லோரும் அமைதியாக உட்கார்ந்தார்கள்.

ஓவனண்ணன் மேடைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். "பிளம்பர் வீட்டம்மா இருக்காங்க" என்றார்.

மூன்றாவது வரிசையில் பிளம்பர் வீட்டம்மா, கையில் ஜூஸ் டம்ளரோடு எழுந்து நின்றாள். "நானா? அண்ணே, நீங்க இருக்கீங்கன்னுதானே நான் வந்தேன்."

மண்டபத்தில் குடியிருப்புக்காரர்களுக்கு மட்டும் புரிந்தது. அவர்கள் முகம் வெளிறிப்போவதை மேடையிலிருந்து அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எல்லாரும் எந்திரிங்க" என்றாள். "வீட்டுக்குப் போலாம். இப்பவே போலாம், எந்திரிங்க."

மற்றவர்கள் கை தட்டினார்கள். இப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை. சிறப்பு விருந்தினர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். செயலாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். லாண்டரியக்கா மேடையிலிருந்து இறங்கி ஓடும்போதும் கைதட்டல் நிற்கவில்லை.

பஸ் டிரைவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, வண்டியைத் திருப்பி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஊர்ந்து வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. நாற்காலியைப் பஸ்ஸின் நடுவழியில் போட்டிருந்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. நடந்தது என்ன என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் இடம் மிச்சமிருந்தது. பாவம், படுத்தே கிடக்கிறாரே, அவரும் நாலு இடம் பார்க்கட்டும் என்று பிளம்பரின் அப்பாவைத் தூக்கி ஏற்றினார்கள். மாமனார் ஏறியதும் மருமகளுக்கு வீட்டில் என்ன வேலை? வாசலில் ஓவனண்ணன் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். இரண்டாவது பஸ் கிளம்பும்போது செயலாளர் தையல்காரிக்குப் போன் செய்தார், நாற்காலியையும் எடுத்து வாருங்கள், மேடையில் வைப்போம் என்று. தையல்காரிக்கு வேறொன்றும் தோன்றியது. எத்தனை வருஷம் இந்த மனுஷன் உட்கார்ந்தே கழித்திருக்கிறார், இன்று ஒரு நாளாவது பெண்டாட்டியை மேடையில் பார்க்கட்டும். பிளம்பர் வீட்டம்மா எப்படியும் மாமனாரோடு மேலேதான் இருப்பாள், கத்தினால் இறங்கி வந்துவிடுவாள்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்று லாண்டரியக்கா கேட்டாள்.

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஓவனண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் சும்மா எந்திரிக்கலை. ஒரு கை அவ வெச்சா, ஒரு கை அவன் வெச்சான். ரெண்டு கை விழுந்துச்சு நாற்காலியில. அதுக்கப்புறம்தான் எந்திரிச்சேன்." தூக்கிக்கொண்டு போக வைத்த கை அது. ஆனாலும் கை கைதான். இத்தனை வருஷப் பழக்கம், கை விழுந்ததும் அவர் உடம்பு தானாக எழுந்துவிட்டது.

தெருமுனையிலேயே புழுதி தெரிந்தது. மதில்சுவரில் லாண்டரியக்காவின் முகம் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த வரியை ஆட்டோக்காரர் அப்போதுதான் வாய்விட்டுப் படித்தார். தேதி, நேரம், அனைவரும், குடும்பத்தோடு. படித்துவிட்டு, "நம்ம சுவத்துலயே ஒட்ட விட்டிருக்கோம்" என்றார்.

வீடுகளை இடிக்கவில்லை. அதற்கு அவர்களுக்கு நேரமில்லை, தேவையும் இல்லை. படிக்கட்டை மட்டும் இடித்திருந்தார்கள். மூன்று மாடிக்கும் இருந்த ஒரே படிக்கட்டு முற்றத்தில் கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. மேலே நடைகளில் காலையில் காயப்போட்ட துணிகள் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாவது மாடியில் யாரோ விளக்கை அணைக்காமல் வந்திருந்தார்கள். கீழ்வீடுகளின் கதவுகளில் தகரம் அடித்து, உள்ளே இருந்த சாமான்களை வீடு வாரியாக வரிசையாக வெளியில் அடுக்கியிருந்தார்கள். தையல்காரியின் மெஷின்மேல் அவளுடைய கத்தரிக்கோல்கூட ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

அதிகாரி இன்னும் போகவில்லை. மரியாதையானவர், குரலை உயர்த்தவே இல்லை. "கூப்பிட்டுப் பார்த்தோம்மா. வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினோம். வீடியோ எடுத்திருக்கோம். ஒரு ஆள்கூட இல்லை" என்றார். போனை நீட்டிக் காட்டினார். படத்தில் வாசல் இருந்தது. நாற்காலிக் கால்கள் வருஷக்கணக்கில் அழுந்தி அழுந்திச் சிமென்ட்டில் விழுந்த பள்ளங்கள் அதில் நன்றாகத் தெரிந்தன. பிறகு அவர் கண் அவள் கையில் இருந்த கேடயத்தின்மேல் விழுந்தது. அவள் மேடையிலேயே விட்டுவிட்டு வந்ததை, பஸ்ஸுக்கு ஓடிவந்து யாரோ கையில் திணித்திருந்தார்கள்.

"உங்களுக்குத்தானா விருது?" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா." மனதாரத்தான் சொன்னார்.

லாண்டரியக்கா நாற்காலியை இறக்கச் சொல்லி வாசலுக்கு வெளியே, தெருவோரம் போட்டாள். முதல் முறை அவளே உட்கார்ந்தாள். ஆனால் எதைக் காக்க? மேல்மாடிக்குப் போக வழியில்லை. தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஆட்கள் ஏறி மேல்வீட்டுச் சாமான்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒரு வாரம் போல எல்லோரும் தெருவில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மழை வந்தது. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. வக்கீல் வந்து, மேலே ஏறவே வழியில்லாத வீட்டில் குடியிருக்கிறோம் என்று எப்படி வாதாடுவது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு வீடாகக் கிளம்பியது, சொந்தக்காரர் வீட்டுக்கு, கிடைத்த அறைக்கு, வேறு ஊருக்கு. பிளம்பரின் அப்பா போன இடத்தில் அடுத்த மாதமே இறந்துபோனார். தையல்காரியும் பிளம்பர் வீட்டம்மாவும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நாற்காலி முறைக்காகக்கூட இனி பேச வேண்டியதில்லையே.

யாரும் லாண்டரியக்காவைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது. வண்டியில் சாமான் ஏற்றும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான் இத்தனை நாள் இருந்தோம்" என்றே எல்லோரும் சொன்னார்கள். மேடையில் படித்த புகழுரையைவிட அது கேட்கக் கஷ்டமாக இருந்தது. பேரவைச் செயலாளர் ஒரு நாள் வந்து தரையில் உட்கார்ந்து அழுதார். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தாள். பிறகு டீ போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அவர்கள் இருப்பது ஊரைத் தாண்டி, ஒருவர் வீட்டின் பின்புறத்தில், ஒற்றை அறையில். ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். லாண்டரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கேடயம் கட்டிலுக்கு அடியில், பழைய விரிப்பில் சுற்றிக் கிடக்கிறது. நாற்காலி அறை வாசலில் இருக்கிறது. அவள் வேலைக்குக் கிளம்பினால் ஓவனண்ணன் அதில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆரம்பத்தில் சத்தம் போட்டாள். "இது வாடகை ரூம். இதை எவன் வந்து தூக்கிட்டுப் போகப் போறான்? வெயில்ல எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க? உள்ள போய்ப் படுங்க."

"நீ போயிட்டு வா. நான் இருக்கேன்" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். குத்தலெல்லாம் போய்விட்டது அவர் பேச்சில். அந்தக் குத்தலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவள் சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் லாண்டரியில் இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் பங்கையும் சேர்த்து மடித்துவிட்டு, நிற்க முடியாமல் வந்து சேர்ந்தாள். வாசலில் இருந்தவரைத் தாண்டி உள்ளே போனவள் முகம்கூடக் கழுவவில்லை, தரையில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது இருட்டியிருந்தது, வெளியே தூறல். அறையில் அவர் இல்லை. எழுந்து வந்து பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"நான் வந்து எவ்வளவு நேரமாச்சு. உள்ள வர வேண்டியதுதானே?" என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நீ கை வெக்கலையே" என்றார்.

அவள் பக்கத்தில் போய் நாற்காலியின்மேல் கையை வைத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார்.